உஷார்! ஏரிக்கரை நடைபாதையைக் காட்டி வீடு விற்கிறார்கள்

"வாசலைத் திறந்தால் ஏரி. ஏரியைச் சுற்றி வாக்கிங் டிராக். பின்பக்கம் பச்சை மலை. மயில் அகவுகிற சத்தத்தில் கண் விழிக்கலாம்." புறநகரில் வீடு தேடுகிறவர்களின் செல்போனுக்கு இப்படி ஒரு விளம்பரமாவது வராமல் இருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலுக்கே கார் வரும். சைட் விசிட், மதியச் சாப்பாடு, "இன்னைக்கே புக் பண்ணா சதுர அடிக்கு இவ்வளவு குறையும்" என்ற சலுகை, எல்லாம் சேர்ந்து வரும். சாயங்காலம் திரும்பும்போது முன்பணம் கைமாறியிருக்கும்.

தயவுசெய்து கொஞ்சம் நில்லுங்கள்.

நடப்பதற்கு நல்ல இடம் இருக்கும் பகுதியாகப் பார்த்துக் குடியேற நினைப்பதில் எந்தத் தவறும் இல்லை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்து, முப்பத்தைந்து வயதிலேயே சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுக்கிற தலைமுறை இது. பிள்ளைகள் சைக்கிள் ஓட்ட வேண்டும், வயதான பெற்றோர் காலாற நடக்க வேண்டும் என்று ஆசைப்படுவது நியாயம். அந்த நியாயமான ஆசையைத்தான் இன்று குறிவைக்கிறார்கள்.

சென்னையின் தென் புறநகரிலும் கோவையின் மேற்கு ஓரத்திலும் 'இயற்கையோடு இணைந்த வாழ்க்கை' என்று விற்கப்படும் இடங்களில் பல, தண்ணீர் போகிற வழியிலோ யானை போகிற வழியிலோ இருக்கின்றன. இருபது வருட இ.எம்.ஐ. கட்டப்போகிறவருக்கு அதை விற்பவர் சொல்ல மாட்டார். அதனால் இதை மனதில் வையுங்கள்: நடைபாதை நடந்து போகிற தூரத்தில் இருக்கட்டும், அதன் ஓரத்திலேயே வீடு வேண்டாம். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிரோஷரில் இருக்கும் பூங்கா யாருடையது?

முதலில் படத்தில் இருப்பதையும் பத்திரத்தில் இருப்பதையும் பிரித்துப் பாருங்கள். ஏரி அரசுடையது. மலையடிவாரக் காடு வனத்துறையுடையது. ஏரிக்கரைப் பாதை நீர்வளத் துறையுடையதாகவோ உள்ளாட்சியுடையதாகவோ இருக்கும். இவற்றில் ஒரு அடிகூட பில்டருக்குச் சொந்தமில்லை. விற்க முடியாத ஒன்றைக் காட்டி, விற்க முடிந்த மனையின் விலையை ஏற்றுகிறார்கள்.

"சரி, லேஅவுட்டுக்குள்ளேயே பூங்கா காட்டியிருக்கிறார்களே?" என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் இருக்கும் லேஅவுட்டில், சாலைகள் போக மீதமுள்ள இடத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். இதைத்தான் ஓ.எஸ்.ஆர். நிலம் என்கிறார்கள். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை உள்ள இடத்துக்கு, நிலத்துக்குப் பதிலாகப் பணம் கட்டிவிட்டுப் போகவும் வழி இருக்கிறது. 3,000-க்குக் கீழே இந்தக் கட்டாயமே இல்லை.

இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. சின்ன லேஅவுட்டில் காட்டும் பூங்காவுக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லாமல் போகலாம். நாளைக்கு அதுவும் மனையாகிவிடும். பெரிய லேஅவுட்டில் இருக்கும் பூங்கா பொது நிலம். அதைப் பராமரிப்பது உள்ளாட்சியின் விருப்பத்தையும் நிதியையும் பொறுத்தது. கம்பி வேலி போட்டுப் பூட்டிக் கிடப்பதும், கட்டடக் கழிவு கொட்டப்பட்டுக் கிடப்பதுமாகப் பல ஓ.எஸ்.ஆர். நிலங்களைப் புறநகர் எங்கும் பார்க்கலாம். அந்த 10 சதவீதத்துக்குத் தானப் பத்திரம் பதிவாகிவிட்டதா, அதன் எண் என்ன என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால், பூங்கா இல்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

'லேக் வியூ': தண்ணீர் எந்த வழியாகப் போகும்?

சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகள் தனித்தனிக் குளங்கள் கிடையாது. ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குப் போகும்படி நம் முன்னோர் தொடராக வெட்டி வைத்தவை. சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கத்துக்குப் போகும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாக முட்டுக்காட்டில் கடல். இந்தத் தொடரில் எந்த இரண்டு ஏரிகளுக்கு நடுவில் வீடு வாங்கினாலும், நீங்கள் ஒரு வாய்க்காலின் பாதைக்கு அருகில்தான் இருக்கிறீர்கள். அந்த வாய்க்கால் இப்போது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். மழைக்கு அது மறப்பதில்லை.

ஏரிக்கரையில் நடக்கும்போது மூன்று இடங்களைத் தேடிப் பாருங்கள். முதலாவது கலங்கல். கரையின் ஓரிடத்தில், கரை மட்டத்தைவிடத் தாழ்வாகக் கல்லாலோ கான்கிரீட்டாலோ கட்டிய நீளமான சுவர் இருக்கும். ஏரி நிரம்பியதும் உபரி நீர் அதன் மேல் வழிந்து போகும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, தண்ணீர் எந்தத் திசையில் ஓடும் என்று பாருங்கள். அங்கே வாய்க்கால் இருக்கிறதா, அல்லது தெருவும் காம்பவுண்டுச் சுவரும் இருக்கின்றனவா? வாய்க்கால் இருந்தால், அது போகப் போகக் குறுகிக் கடைசியில் ஒரு குழாய்க்குள் அடங்கிவிடுகிறதா? அடங்கினால், கனமழை நாளில் அந்தத் தெருதான் வாய்க்கால்.

இரண்டாவது, கரைக்குக் கீழ்ப்பக்கம். அங்கே இருக்கும் லேஅவுட் பெரும்பாலும் ஏரியின் ஆயக்கட்டில், பழைய நெல் வயலில் போடப்பட்டிருக்கும். மதகைத் திறந்தால் தண்ணீர் தானாக வந்து பாய வேண்டும் என்பதற்காகவே தாழ்வாக அமைந்த நிலம் அது. மூன்றாவது, கரையில்லாத பக்கம், அதாவது ஏரியின் உள்வாய்ப் பக்கம். அங்கே சுவரும் இல்லை, மேடும் இல்லை. நான்கு வருடம் மழை குறைந்தால் ஏரி சுருங்கி, அந்த இடம் மைதானம் போலக் காய்ந்து கிடக்கும். ஐந்தாவது வருடம் ஏரி தன் முழுக் கொள்ளளவுக்கு வரும்போது தண்ணீர் வீட்டு வாசலில் நிற்கும். 'லேக் வியூ' என்ற பெயரில் அதிக விலைக்குப் போவது பெரும்பாலும் இந்தப் பக்கம்தான்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாறு கரைபுரண்டதில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் தரைத்தளமே தெரியவில்லை. படகில் வந்து மொட்டை மாடியிலிருந்து ஆட்களை மீட்டார்கள். அதே பகுதிகளில் 2021-லும் 2023-லும் மீண்டும் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, பள்ளிக்கரணையில் ஓர் அடுக்குமாடி வளாகத்தில் நிறுத்தியிருந்த கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போன வீடியோவைத் தமிழ்நாடே பார்த்தது. அதே நாளில் பெருங்களத்தூர் - நெடுங்குன்றம் சாலையில் ஒரு முதலை குறுக்கே கடந்து போனதும் வீடியோவில் பதிவானது. நெடுங்குன்றம் ஏரியில் முதலைகள் இருப்பது உள்ளூர்க்காரர்களுக்குப் பல வருடங்களாகத் தெரியும். வெளியூரிலிருந்து மனை பார்க்க வருகிறவருக்கு யார் சொல்வார்கள்?

ஆகவே, நீங்களே போய்க் கேளுங்கள். பில்டரின் ஆள் கூட இல்லாமல், வேறொரு நாள் போங்கள். தெருமுனை டீக்கடையில், இஸ்திரி வண்டியில், பழைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் கேளுங்கள். "அண்ணே, 2015-ல இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டால், பொதுவாக யாரும் மறைக்க மாட்டார்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். அந்தக் கை உங்கள் இடுப்புக்கு மேலே போனால், அந்த மனையை மறந்துவிடுங்கள். பழைய வீடுகளின் வெளிச்சுவரில் பெயின்ட்டுக்கு அடியில் ஒரே மட்டத்தில் ஓடும் காவிக் கோடும், கேட்டின் அடிப்பாகத்தில் ஒரே உயரம் வரை பிடித்திருக்கும் துருவும் இதே கதையைச் சொல்லும்.

ஏரி நீரையும் பாருங்கள். பச்சைப் பசேல் என்று ஆகாயத்தாமரை மூடியிருந்தால் அழகென்று நினைக்காதீர்கள். சாக்கடை கலக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அந்தக் கரையில் நடந்தால் மூக்கைப் பொத்த வேண்டும், சாயங்காலம் கொசுவுக்குப் பயந்து ஜன்னலை மூட வேண்டும். நீங்கள் வாங்கப்போகும் லேஅவுட்டின் கழிவுநீர் எங்கே போகும் என்றும் கேளுங்கள். பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாமல், "லாரி வந்து எடுத்துக்கும் சார்" என்று சொன்னால், அதில் ஒரு பகுதி நீங்கள் ஆசைப்பட்ட அதே ஏரியில் வந்து சேரும் ஆபத்து இருக்கிறது.

சதுப்பு நிலத்தின் விளிம்பில் வீடா?

பள்ளிக்கரணையைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த சதுப்பு நிலம் இது. குப்பைக் கிடங்கு, சாலை, ரயில் பாதை, ஐ.டி. வளாகம், குடியிருப்பு என்று தின்னத் தின்ன, இன்று மிஞ்சியிருப்பது அதில் ஒரு சிறு பங்குதான். 2022-ல் 1,247 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. உலக அளவில் முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம் என்ற அங்கீகாரம் அது. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். அந்தக் காட்சியைத்தான் பால்கனியோடு சேர்த்து விற்கிறார்கள்.

ஆனால் சட்ட நிலைமை என்ன தெரியுமா? ராம்சார் எல்லைக்குள்ளும், அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கும், அறிவியல் ஆய்வு முடியும் வரை புதிய கட்டுமான அனுமதி தரக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. எல்லை எது, தாக்கப் பகுதி எது என்பதெல்லாம் வழக்கும் ஆய்வுமாகப் போகும் விவகாரம். இந்த நிலைமையில் அங்கே முன்பணம் கொடுக்கிறவர் வெள்ள ஆபத்தோடு வழக்கையும் சேர்த்து வாங்குகிறார். வங்கி கடன் கொடுக்கிறதே என்பதை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள். வழக்கு வந்தால் வங்கிக்கு உங்கள் சம்பளம் இருக்கிறது. உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

'ஹில் வியூ': அந்த ஒற்றையடிப் பாதை யார் போட்டது?

கோவைப் பக்கம் வாருங்கள். வடவள்ளி தாண்டினால் மருதமலை. தடாகம், தொண்டாமுத்தூர், ஆலாந்துறை, மதுக்கரை என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் நெடுக மனைகள். சிலுசிலு காற்று, குளிர்ந்த இரவு, மலைக்குப் போகும் மண்பாதைகள். ஐ.டி. வேலைக்காரர்களும் ஓய்வு பெற்றவர்களும் இந்தப் பக்கம் விரும்பி வருகிறார்கள்.

அந்த மண்பாதைகளில் பல, யானைகள் நடந்து நடந்து உண்டானவை. கோவை வனக்கோட்டம் யானைகள் காப்பகப் பகுதி. கேரளத்தின் அட்டப்பாடிப் பக்கத்துக்கும் சத்தியமங்கலம் பக்கத்துக்கும் யானைக் கூட்டங்கள் போய்வரும் வழி இந்த அடிவாரம். வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோவுக்கு மேல் தீனி வேண்டும், நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். வழியில் வாழைத் தோப்பும், பலா மரமும், மாட்டுத் தீவனமும், சமையலறையில் அரிசியும் இருந்தால், காம்பவுண்டுச் சுவர் அதற்கு ஒரு தடையே இல்லை. ரேஷன் அரிசி வாசனைக்குச் சுவரை இடித்து, தும்பிக்கையை உள்ளே விட்ட சம்பவங்கள் அந்த ஊர்களில் செய்தியாகக்கூட அதிகம் பேசப்படுவதில்லை.

2023 பிப்ரவரியில், தருமபுரி மாவட்டத்தில் பிடித்து ஆனைமலைக் காட்டுக்குள் விடப்பட்ட ஒரு மக்னா (தந்தமில்லாத ஆண்) யானை, காட்டைவிட்டு இறங்கிப் பொள்ளாச்சி, மதுக்கரை வழியாக நடந்து பேரூர் பக்கம் வரை வந்துவிட்டது. 2022 ஜனவரியில் குனியமுத்தூர் அருகே பூட்டிக் கிடந்த ஒரு கிடங்குக்குள் புகுந்த சிறுத்தை, நாள்கணக்கில் போக்குக் காட்டிய பிறகு கூண்டில் சிக்கியது. இவையெல்லாம் நடுக்காட்டில் நடந்தவை இல்லை, பேருந்து போகும் தெருக்களுக்குப் பக்கத்தில் நடந்தவை. அடிவார ஊர்களில் விடிகாலை நடைக்குப் போனவர்கள் யானை தாக்கி உயிரிழந்திருக்கிறார்கள். எந்த நேரத்தில் நடக்கலாம் என்று ஆசைப்பட்டு அங்கே வீடு வாங்குகிறீர்களோ, அந்த இருள் பிரியாத காலையும் அந்தி மாலையும்தான் யானை நடமாடும் நேரம். 'மாலை ஆறு மணிக்குமேல் வெளியே வராதீர்கள்' என்று வனத்துறை ஒலிபெருக்கியில் அறிவிக்கும் தெருவில் உங்கள் பெற்றோர் எப்போது நடப்பார்கள்?

இன்னொன்று, சட்டம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். "வீட்டுக்குப் பின்னாடியே ட்ரெக்கிங் போலாம் சார்" என்று ஒருவர் சொன்னால், அவர் உங்களைச் சட்ட மீறலுக்கு அழைக்கிறார். 2018 மார்ச் மாதம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் மடிந்த பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 வழித்தடங்கள் இருக்கின்றன; பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். மலையேறும் ஆசை இருக்கிறவர்கள் அப்படிப் போங்கள். அதற்காக மலையோரத்தில் வீடு வாங்கத் தேவையில்லை.

அடிவார மனை என்றால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இந்தக் கிராமம் ஹாகா பட்டியலில் வருதா?" 1990-ல் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தைத்தான் ஹாகா என்கிறார்கள். பட்டியலில் இருக்கும் கிராமத்தில் லேஅவுட் போடவும் கட்டடம் கட்டவும் அதன் அனுமதி வேண்டும். அந்த அனுமதி இல்லாத மனை எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள். சைட்டுக்குப் போகும்போது சுற்றிலும் பாருங்கள். யானைத் தடுப்பு அகழி, சூரிய மின்வேலி, அகழியின் கரை சரிந்து யானை ஏறி இறங்கிய தடம், தென்னங்குருத்து பிய்த்துப் போட்ட தோப்பு, கிழங்கு மாதிரி உருண்டு காய்ந்து கிடக்கும் யானைச் சாணம், இவற்றில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

காலடியில் இருக்கும் ஆபத்துகள்

வெள்ளமும் யானையும் செய்தியில் வரும். செய்தியில் வராதவையும் இருக்கின்றன.

பாம்பு: ஏரிக்கரை, புதர்க்காடு, கல்குவியல் ஓரங்களில் நாகமும் கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் சுருட்டை விரியனும் இருக்கும். நடக்கும்போது மட்டும் கவனமாக இருந்தால் போதாது. கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல நேரம் வலியே தெரியாது, பல் பட்ட தடமும் தெரியாது. விடியும்போது கண் இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சு திணறும். கடித்தால் வெட்டக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, நாட்டு வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தக் கூடாது. 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். அப்படி ஒரு மருத்துவமனை எத்தனை நிமிடத் தூரத்தில் இருக்கிறது என்று மனை வாங்கும் முன்பே நீங்களே வண்டி ஓட்டிப் பாருங்கள்.

உண்ணிக் காய்ச்சல்: மருத்துவர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். புதர், புல்வெளிகளில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணியின் இளம்பருவம் கடித்து வருவது. தமிழ்நாட்டில் மழைக்கும் குளிருக்கும் நடுவே அதிகம் வரும். காய்ச்சல், தலைவலியோடு, அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ வலியில்லாத கறுத்த பொருக்கு ஒன்று இருக்கலாம். சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிட்டால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதித்து உயிருக்கே ஆபத்தாகும். நேரத்தோடு கண்டுபிடித்தால் எளிய ஆன்டிபயாட்டிக்கில் குணமாகும். "டாக்டர், தினமும் புதர்ப் பக்கம் நடக்கிறேன்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல மறக்காதீர்கள்.

கல்குவாரிக் குட்டை: பல்லாவரம், நன்மங்கலம், மாங்காடு பக்கங்களில் கைவிடப்பட்ட குவாரிகளில் தேங்கிய நீல நிறத் தண்ணீர் பார்க்க அழகாக இருக்கும். ஓரமே செங்குத்தாக இறங்கும். காலை வைத்தால் பிடிமானம் கிடையாது. நீச்சல் தெரிந்த இளைஞர்களும் அங்கே இறந்திருக்கிறார்கள். பிள்ளைகள் சைக்கிளில் போகிற தூரத்தில் குவாரி இருந்தால், அதற்கு வேலி இருக்கிறதா என்று நேரில் பாருங்கள்.

வெளிச்சமும் ஆள் நடமாட்டமும்: விளக்கில்லாத, ஒரே ஒரு வழி மட்டும் உள்ள நடைபாதை பெண்களுக்குப் பாதை ஆகாது. மாலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். அந்த நேரத்தில் அங்கே பெண்கள் நடக்கிறார்களா? தெருநாய்க் கூட்டம் இருக்கிறதா? உங்கள் மனைவியோ அம்மாவோ மகளோ தனியாக நடக்க முடியாத பாதையை வீட்டின் மதிப்பில் சேர்க்காதீர்கள்.

முன்பணத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

1. 'அ' பதிவேடு: தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் சர்வே எண்ணைக் கொடுத்து இலவசமாகவே பார்க்கலாம். உங்கள் மனையும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் சர்வே எண்களும் என்ன வகை என்று பாருங்கள். ஏரி, குளம், ஓடை, வாய்க்கால், மேய்க்கால், கல்லாங்குத்து என்று ஏதாவது வந்தால் அங்கேயே நில்லுங்கள்.

2. புலப்படம்: எஃப்.எம்.பி. என்று கேட்டால் கொடுப்பார்கள். அதில் வரைந்திருக்கும் வாய்க்கால் நேரில் போனால் இருக்கிறதா? இல்லையென்றால், அது மண்ணுக்கடியில் உங்கள் மனைக்குள் இருக்கிறது.

3. தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும்: குறைந்தது முப்பது வருடத்துக்கு. இதற்குப் பில்டரின் வக்கீல் வேண்டாம், உங்களுக்கென்று தனியாக ஒரு வக்கீல்.

4. நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று: ஏரி, ஆறு பக்கத்து இடங்களுக்கு வெள்ளப் பாதிப்பைப் பார்த்துத் தரப்படுவது. அதன் நிபந்தனைகளை வரிக்கு வரி படியுங்கள். மனையை எவ்வளவு உயரம் மண் போட்டு மேடாக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அந்த உயரம்தான் அரசே எதிர்பார்க்கும் தண்ணீரின் அளவு. உங்கள் வீட்டை மேடாக்கினாலும், வீட்டுக்கு வரும் சாலை தாழ்வாகவே இருந்தால் மழை நாளில் நீங்கள் தீவில் இருப்பீர்கள்.

5. ரெரா எண்: 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டு வீட்டுக்கு மேற்பட்ட திட்டம் என்றால் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி (ரெரா) பதிவு கட்டாயம். விளம்பரத்திலேயே அந்த எண் இருக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தம் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 13-வது பிரிவு. விளம்பரத்தில் பொய் சொல்லி ஏமாற்றினால் பணத்தைத் திருப்பி வாங்கவும் இழப்பீடு கேட்கவும் 12-வது பிரிவு வழி தருகிறது. ஆகவே பிரோஷரைத் தூக்கிப் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தையும், "ஏரி வியூ கேரண்டி சார்" என்று அனுப்பிய மெசேஜையும் பத்திரமாகச் சேமித்து வையுங்கள். நாளைக்கு அதுவே சாட்சி.

6. பழைய செயற்கைக்கோள் படம்: கூகுள் எர்த்தில் பின்னோக்கிப் போய் 2015-க்கு முன்னும் பின்னும் அந்த இடம் எப்படி இருந்தது என்று பாருங்கள். பத்து நிமிட வேலை.

ஏற்கெனவே அங்கே குடியிருக்கிறீர்களா?

பதறாதீர்கள், ஆனால் சும்மாவும் இருக்காதீர்கள். மழைக்காலத்துக்கு முன்பே, ஐப்பசி பிறப்பதற்குள், தெருக்காரர்கள் சேர்ந்து போய்க் கலங்கலையும் வாய்க்காலையும் பாருங்கள். அடைப்பு இருந்தால் படம் எடுத்து உள்ளாட்சிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்தில் மனு கொடுங்கள். சிட்லபாக்கத்தில் குடியிருப்பவர்கள் விடாமல் போராடித்தான் அவர்கள் ஏரி தூர்வாரிச் சீரமைக்கப்பட்டது. வீட்டுப் பத்திரங்கள், மின் இன்வெர்ட்டர், மருந்துகள் எல்லாம் தரைமட்டத்திலிருந்து மேலே போகட்டும். வீட்டுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் சேர்ந்திருக்கிறதா, காரின் காப்பீட்டில் எஞ்சின் பாதுகாப்பு இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். அடிவாரத்தில் இருப்பவர்கள் வாழை, பலா வைப்பதைத் தவிருங்கள். குப்பையையும் மீந்த சோற்றையும் வெளியே கொட்டாதீர்கள். வனத்துறையின் உள்ளூர் எண்ணைக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள்.

இன்னும் வாங்காதவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஏரியிலிருந்து ஒன்று, இரண்டு கிலோமீட்டர் தள்ளி, மேடான பகுதியில், வடிகாலும் விளக்கும் உள்ள தெருவில் வீடு பாருங்கள். காலையில் கால் மணி, அரை மணி நேரம் நடந்து ஏரிக்கரைக்குப் போய், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வாருங்கள். அதே காற்று, அதே பறவை, அதே நடை கிடைக்கும். மழை வந்தால் தண்ணீர் தன் வழியில் போகும், நீங்கள் உங்கள் வீட்டில் இருப்பீர்கள். விலையும் குறைவாக இருக்கும்.

அவசரப்படுத்துகிற பில்டரிடம், "கார்த்திகை மாசம் நல்ல மழை பெய்யுற அன்னைக்கு சைட்டைக் காட்டுங்க, அன்னைக்கே முடிவு சொல்றேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு அவர் சம்மதிக்கும் வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.